வாசனையைத் திருடும் மூன்று பேர்!

பிள்ளைகளே! ஒரு நிமிடம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டு சென்ட் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையிலா? ஜன்னல் திண்டிலா? டி.வி.க்குப் பக்கத்திலா? அல்லது குளியலறையில், சோப்பு டப்பாவுக்கு அருகிலா? இந்த நான்கில் ஏதாவது ஒன்று என்றால், அந்த பாட்டிலில் இருந்து வாசனை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்! மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, யாரும் தொடவில்லை, பிறகு எப்படித் திருட்டு என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் சுங்குவார்சத்திரத்தில் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக அண்ணன்களும் அக்காக்களும் ஷிப்டுக்குக் கிளம்புவார்கள். முதல் மாதச் சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு ஒரு புடவை, தங்கைக்கு ஒரு சென்ட் பாட்டில் என்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களை பஜாரில் பார்த்திருக்கிறேன். தங்கைக்கோ அதைச் செலவழிக்க மனம் வராது. அண்ணன் வாங்கித் தந்தது என்று எல்லோருக்கும் தெரியும்படி ஜன்னலில் அழகாக வைப்பாள். அடுத்த பொங்கலுக்கு ஆசையாகத் திறந்தால் புளித்த மாதிரி ஒரு நெடி! "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள். பாவம், அவர் நல்ல சரக்கைத்தான் கொடுத்திருப்பார். ஏமாற்றியது ஜன்னல்!

முதலில் பூவைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். காலையில் பறித்த மொட்டுக்கு அவ்வளவாக வாசனை இருக்காது. சாயங்காலம் அம்மா தலையில் வைத்துக்கொண்ட பிறகு மொட்டு விரியும், வீடே மணக்கும். செடியை விட்டுப் பிரிந்த பிறகும் அந்தப் பூ உயிரோடுதான் இருக்கிறது. தன் வாசனையைத் தானே தயாரித்துக்கொண்டும் இருக்கிறது. அதனால்தான் பூக்காரம்மா ஈரத் துணியைப் போர்த்தி, வாழையிலையில் சுற்றித் தருகிறார். பூ வாடாமல் இருக்கும் வரை அதன் வேலையும் நிற்காது.

2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு மல்லிகை மாலைக்கும் தலைக்கும் மட்டும் போவதில்லை. ஆலைகளில் அதிலிருந்து வாசனைச் சாற்றைப் பிரித்து, பிரான்ஸ் வரைக்கும் அனுப்புகிறார்கள். ஒரு டன் பூவிலிருந்து கடைசியில் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோ சாறுதான். ஒரு டன் என்றால் பல லட்சம் மொட்டுகள்! எத்தனை பேர் இருட்டோடு எழுந்து குனிந்து பறித்திருப்பார்கள்!

பாட்டிலுக்குள் வந்த பிறகு கதை வேறு. பூ தினமும் சம்பாதிக்கிற ஆள் மாதிரி. செலவானால் மறுபடி தயாரித்துக்கொள்ளும். பாட்டிலில் இருப்பது சேமிப்பு மட்டும். புதிதாக ஒரு துளிகூட அதில் சேராது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அந்தச் சேமிப்பைத் திருடும் மூன்று பேர் யார் தெரியுமா? காற்று, சூடு, வெளிச்சம்!

இந்த மூவரையும் உள்ளே விடாமல் கதவடைத்த ஓர் இடம் பிரான்ஸ் நாட்டில், வெர்சாய் நகரில் இருக்கிறது. அதன் பெயர் ஆஸ்மோதெக். நம் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பாதுகாக்கிற மாதிரி, அங்கே வாசனைகளைப் பாதுகாக்கிறார்கள்! 1990-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான சென்ட் வகைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பல, கடைகளில் இருந்து எப்போதோ மறைந்துபோனவை. கொள்ளுப்பாட்டி காலத்து சென்டை இன்றைக்கு ஒருவர் முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? பாட்டில்கள் இருட்டறையில் இருக்கின்றன. அறையின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ். பாட்டிலுக்குள் சென்ட்டுக்கு மேலே உள்ள காலி இடத்தில் காற்றை வெளியேற்றிவிட்டு ஆர்கான் என்ற வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். பார்த்தீர்களா? இருட்டு, குளிர்ச்சி, ஆர்கான்! மூன்று திருடர்களுக்கு மூன்று பூட்டு.

ஆர்கான் ஏதோ அதிசயப் பொருள் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு அதுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெல்டிங் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள், "ஆர்கான் சிலிண்டரா? தினமும் அதோடுதானே வேலை!" என்பார். பழுக்கக் காய்ந்த உலோகத்தின் மேல் ஆக்சிஜன் பட்டால் பற்றவைப்பு கெட்டுவிடும். அதனால் ஆர்கானைப் பீய்ச்சி ஆக்சிஜனைத் தள்ளி நிறுத்துகிறார்கள். வெர்சாயில் சென்டைக் காப்பதும், ஒரகடத்தில் கார் பாகத்தைக் காப்பதும் ஒரே வாயு! அது எதனோடும் எளிதில் சேராது. சேர்ந்தால்தானே கெடுக்க முடியும்?

ஆக்சிஜன் அப்படி இல்லை. எதைப் பார்த்தாலும் கைகோத்துக்கொள்ளும். இரும்போடு சேர்ந்தால் துரு. நறுக்கிய ஆப்பிளோடு சேர்ந்தால் பழுப்பு நிறம். எண்ணெயோடு சேர்ந்தால் சிக்கு வாடை. தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவின் அடியில் கிடந்து, கார்த்திகை கழிந்து எடுத்துக் கடித்தால் ஒரு மாதிரி காறலாக இருக்குமே, அது ஆக்சிஜனின் வேலைதான். சென்டில் இருப்பவையும் பெரும்பாலும் எண்ணெய்ச் சத்துகள்தான். அவற்றை எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் பட்டால் அங்கேயும் அதே கதை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு சென்டில் ஒரே வாசனை இருக்காது. அடித்தவுடன் மூக்கைத் தொடுவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சுறுசுறுப்பான வாசனை. அவை சின்னஞ்சிறு மூலக்கூறுகள், சீக்கிரம் ஆவியாகும். கொஞ்ச நேரம் கழித்து ரோஜா, மல்லி போன்ற பூ வாசனை வரும். அவை எல்லாம் போன பிறகும் சட்டையில் தங்குவது சந்தனம் மாதிரியான கனமான வாசனை. கெட்டுப்போகும்போதும் முதலில் அடிபடுவது அந்த எலுமிச்சைதான். அதனால்தான் பழைய பாட்டிலை முகர்ந்தால் முதல் நொடியில் புளிப்பாகவோ, பெயின்ட் வாடையாகவோ அடிக்கும். சற்றுப் பொறுத்தால் அடியில் சந்தனம் மட்டும் இன்னும் லேசாகத் தெரியும்.

பாதி காலியான பாட்டில் சீக்கிரம் கெடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? சென்ட் குறையக் குறைய, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் வாங்கித் தந்ததைச் செலவழிக்காமல் வைக்கும் தங்கைகளே, பாட்டிலைத் திறந்துவிட்டீர்கள் என்றால் அவ்வப்போது போட்டுக்கொள்ளுங்கள். பத்து வருஷம் பூட்டி வைப்பதால் அண்ணன் ஒன்றும் சந்தோஷப்படப் போவதில்லை!

அடுத்து சூடு. வேதி மாற்றங்கள் சூட்டில் வேகமாக நடக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. கணக்கு நோட்டை எடுங்கள். வெர்சாய் அறையில் 12 டிகிரி. நம் வீட்டில் மே மாதப் பகல், மேலே தகரக் கூரை, பீரோவின் மேல் வைத்த பாட்டில்: 42 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30. அதாவது மூன்று பத்து. 2 × 2 × 2 = 8. அங்கே எட்டு வருஷத்தில் நடக்கிற கெடுதல் இங்கே ஒரே வருஷத்தில் நடந்துவிடலாம்! தோராயம்தான், ஆனாலும் யோசிக்க வைக்கிற கணக்கு, இல்லையா?

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. வெயிலில் தொடர்ந்து காய்ந்த சட்டை வெளுத்துப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கிறது. வாசனையின் மூலக்கூறுகளையும் அது சும்மா விடாது. ஜன்னலுக்குத்தான் கண்ணாடி போட்டிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுக்கும். மிச்சம் உள்ளே வந்துவிடும்.

"அப்படியானால் சென்டை ஏன் கண்ணாடி பாட்டிலில் விற்கிறார்கள்? உடையாத பிளாஸ்டிக்கில் தரலாமே?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கலாம். பதிலை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு பலூனை நன்றாக ஊதிக் கட்டுங்கள். ஆரஞ்சுப் பழத் தோலை அதன் அருகில் பிடித்து, சாறு பலூன் மேல் தெறிக்கும்படி மடக்கிப் பிழியுங்கள். (கண்ணில் படாமல், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு!) பட்! பலூன் வெடித்துவிடும். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் என்ற எண்ணெய் பலூனின் ரப்பரைக் கரைத்துவிடுகிறது. தெர்மாகோல் துண்டின் மேல் பிழிந்தால் அதுவும் குழிவிழும். இப்படிப்பட்ட எண்ணெயைக் கண்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைத்தால் டப்பா கொஞ்சம் கரையும், வாசனையும் மாறும். கண்ணாடி எதோடும் சேராது. அதனால்தான் அத்தர் கடையில் துளியூண்டு சரக்கானாலும் கண்ணாடிச் சிமிழில் தருகிறார்கள். வெளிச்சத்துக்கு வேண்டிய பாதுகாப்பை அட்டைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டியைத்தான் நாம் முதல் நாளே கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம்!

அத்தர் என்றதும் உத்தரப்பிரதேசத்தில் உள்ள கன்னோஜ் நகரம் நினைவுக்கு வருகிறது. பூக்களைச் செப்பு அண்டாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, களிமண்ணால் மூடியைப் பூசி அடைத்துக் கொதிக்க வைப்பார்கள். வாசனை நீராவியோடு சேர்ந்து மூங்கில் குழாய் வழியாகப் போய், சந்தன எண்ணெய் உள்ள இன்னொரு செப்புப் பானையில் இறங்கும். சுட்ட களிமண்ணை இப்படிக் காய்ச்சி, முதல் மழையின் மண்வாசனையையே அத்தராக எடுத்துவிடுகிறார்கள் என்றால் பாருங்களேன்! புது அத்தரில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கும். அதைப் போக்க ஒட்டகத் தோலில் செய்த பையில் ஊற்றி வைப்பார்கள். தண்ணீர் மெல்ல மெல்லத் தோல் வழியே வெளியேறிவிடும், எண்ணெய் உள்ளேயே தங்கும். அந்தத் தோல் பைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? குப்பி! நாம் மருந்துக் குப்பி என்கிறோமே, அதே சொல்தான்.

நன்றாக மூடிய வாசனை எவ்வளவு காலம் தாங்கும்? 1864-ஆம் ஆண்டு மேரி செலஸ்டியா என்ற நீராவிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் பெர்முடாத் தீவுக்கு அருகே மூழ்கியது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 2011-இல் அந்தக் கப்பலை ஆராய்ந்தவர்களுக்கு, கடலடி மணலுக்குள் மூடி கழலாத சென்ட் பாட்டில்கள் கிடைத்தன. லண்டனைச் சேர்ந்த பீஸ் அண்ட் லூபின் நிறுவனத்தின் பெயர் அவற்றின் கண்ணாடியிலேயே இருந்தது. 147 வருஷம் கடலுக்கு அடியில்! திறந்தபோது முதலில் வந்தது நல்ல வாசனை இல்லை, கெட்ட நெடிதான். அதற்கு அடியில் பழைய மணம் இன்னும் ஒளிந்திருந்தது. அதை ஆராய்ந்து, அதே சாயலில் 2014-இல் புதிதாக ஒரு சென்டைத் தயாரித்துவிட்டார்கள். மணலுக்குள் வெளிச்சம் இல்லை, புதுக் காற்றும் இல்லை. கப்பலில் போன ஒரு மனிதர் தன் வீட்டில் யாருக்கோ ஆசையாக வாங்கியதாகக்கூட இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். நமக்கு ஆர்கானும் வேண்டாம், 12 டிகிரி அறையும் வேண்டாம். பாட்டிலை அதன் அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, மூடியை இறுக்கி, பீரோவின் கீழ்த்தட்டில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். மேல்தட்டு வேண்டாம், கூரைச் சூடு மேலே இருந்துதான் இறங்குகிறது. பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் சாயங்காலம் அதன் முதுகைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி கொதிக்கும்! அப்படியானால் வேறு இடம் பாருங்கள். பள்ளியில் ஒரு வெப்பமானி கேட்டு வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் நாலைந்து இடங்களில் வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டின் வெர்சாய் எது என்று தெரிந்துவிடும். குளியலறை மட்டும் எப்போதும் வேண்டாம். காலையில் வெந்நீர் ஆவி, மத்தியானம் புழுக்கம், ராத்திரி குளிர்ச்சி என்று அங்கே நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். எங்கள் ஊர் சாம்சங் ஆலையிலேயே ஃப்ரிட்ஜ் தயாராகிறதே! வைத்தால் கெடாது, ஆனால் அவசியமும் இல்லை. எடுப்பதும் வைப்பதுமாகச் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் படுவதைவிட, ஒரே சீராக நிழலில் இருப்பது போதும். அதோடு, தயிருக்கும் சென்டுக்கும் சிநேகம் உண்டாகிவிட்டால் அப்புறம் மோர்சாதம் சாப்பிட முடியாது!

கெட்டுப்போனால் வாசனை போனதோடு போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ஆரஞ்சுத் தோலில் பார்த்தோமே லிமோனீன், அது காற்றோடு சேர்ந்து மாறிய பிறகு சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். ஆகவே நெடி மாறிய பழைய சென்டை உடம்பில் போடக் கூடாது. நிறம் மட்டும் கொஞ்சம் பழுப்பாகி, வாசனை அப்படியே இருந்தால் பயப்பட வேண்டாம். வெனிலா வாசனை சேர்த்த சென்டுகள் நாளாக ஆகக் கறுக்கும். மூக்கைத்தான் நம்ப வேண்டும். பாட்டிலின் அடியிலோ பெட்டியிலோ தயாரித்த மாதமும், எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அச்சிட்டிருக்கும். வாங்கும்போதே படியுங்கள். சில பெட்டிகளில் மூடி திறந்த ஒரு டப்பாவின் படமும் அதற்குள் 24 எம் என்றும் இருக்கும். திறந்த பிறகு 24 மாதம் என்று அதற்குப் பொருள்.

இதைவிட முக்கியமான ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், கேளுங்கள். சென்டில் பெரும்பங்கு எத்தனால் என்றேன். நம் ஊர் வெப்பத்தில் அதன் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும். சாமி விளக்குக்குப் பக்கத்திலோ, கேஸ் அடுப்புக்கு அருகிலோ நின்று அடிக்கவே கூடாது. பாடி ஸ்ப்ரே டப்பா இன்னும் ஆபத்து. அதைப் பீய்ச்சித் தள்ளுவதற்கு உள்ளே அடைத்திருப்பது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் வாயுக்கள். சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பவையும் இவையேதான்! 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள். மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அப்பா காரின் முன்பக்கத்தில் ஸ்ப்ரே டப்பா கிடந்தால், கேட்காமலே எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து விடுங்கள். காலி டப்பாவிலும் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். ஆணியால் குத்தாதீர்கள். போகி அன்று பழையதை எரிக்கிறோம் என்று அதைத் தூக்கி நெருப்பில் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குண்டு மாதிரி வெடிக்கும். தகரம் பறந்து யார் முகத்தில் படும் என்று சொல்ல முடியாது. அந்த டப்பா போகிக் குவியலில் கிடப்பதைப் பார்த்தால், கொளுத்தும் முன்பே பெரியவர்களிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. விலை உயர்ந்த சென்டை இதற்கு வீணாக்க வேண்டாம், கடலை எண்ணெய் போதும். ஒரே மாதிரியான இரண்டு சின்னக் கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி, இறுக மூடி, காகிதத்தில் சுற்றி, பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். மற்றொன்றில் கால் பாகம் மட்டும் ஊற்றி, மூடாமல், மெல்லிய துணியை மட்டும் கட்டி, வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். இரண்டிலும் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை முகர்ந்து பார்த்து நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்து, வீட்டில் இருப்பவர்களைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் முகரக் கொடுங்கள். எது பீரோ, எது ஜன்னல் என்று சொல்கிறார்களா பார்ப்போம். பாட்டியிடம் முதலில் கொடுங்கள். எண்ணெய் விஷயத்தில் அவர் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது!